பதினேழாயிரத்துக்கு விற்காத மஞ்சள்: மூளையைப் படம் பிடித்தவர்களுக்கு அதில் என்ன வேலை?

பண்ணையத்தான் (இழை தொடங்கியவர்)

வீட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2010 கடைசியில் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 17,000 ரூபாயை ஒட்டிப் போனது நம் பக்கத்துக்காரர்களுக்கு மறந்திருக்காது. அப்பா அப்போது குடோனில் விரலி மட்டும் நாற்பது மூட்டை வைத்திருந்தார். "இருவதத் தொடட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். தொடவில்லை. 12,000-க்கு இறங்கியபோது அம்மா கேட்டதற்கு, "இப்ப வித்தா குவிண்டாலுக்கு அஞ்சாயிரம் நட்டமாச்சே" என்று பதில் வந்தது. எதிலிருந்து நட்டம் என்று அன்றைக்கு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. உழவு, விதை, வேகவைத்த கூலி, பாலிஷ் எல்லாம் கழித்தாலும் அந்த விலையில் கையில் நன்றாகவே நின்றிருக்கும். கடைசியில் 2012-ல், விலை 4,000 பக்கம் கிடந்தபோது, பூச்சி அரித்த மூட்டைகளோடு சேர்த்துத் தள்ளிவிட்டோம்.

இப்போது கோவையில் முதுகலைப் பொருளாதாரம் படிக்கிறேன். இந்த செமஸ்டரில் பொருளாதாரம், உளவியல், நரம்பியல் மூன்றும் கைகோத்த கதை ஒரு பாடம். படிக்கப் படிக்க அப்பாதான் நினைவுக்கு வருகிறார். என் சந்தேகம் இதுதான். இந்த மூன்று கூட்டத்தாரையும் முதலில் ஒன்று சேர்த்தது எது? அன்றைக்கு அப்பாவை ஸ்கேனில் படுக்க வைத்துப் படம் எடுத்திருந்தால், அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியாத எது எனக்குத் தெரிந்திருக்கும்?

ஓய்வு வாத்தியார்

தம்பி, முப்பத்திரண்டு வருடம் பொருளாதாரம் நடத்தியவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். இது சேர்ந்த கதையாக இருப்பதற்கு முன் பிரிந்த கதை. 1871-ல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதாரக்காரர், மனித மனத்தின் உணர்ச்சிகளை நேரடியாக அளக்கும் வழி என்றைக்காவது கிடைக்குமா என்பதே சந்தேகம் என்று எழுதினார். பத்து வருடம் கழித்து எட்ஜ்வொர்த் என்ற இன்னொரு பொருளாதாரக்காரர், இன்பத்தை அளக்க ஒரு கருவி இருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்தார். கருவி வரவில்லை. அப்புறம் வந்தவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள்: மனதுக்குள் என்ன நடந்தால் நமக்கென்ன, எதை வாங்கினான், எதை விட்டான் என்பதைப் பார்த்தால் போதும் என்று. நான் வகுப்பில் நடத்தியதும் அதைத்தான்.

அந்தக் கதவைத் தட்டியவர்கள் இரண்டு உளவியலாளர்கள், டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும். 1979-ல் அவர்களுடைய கட்டுரை எக்கனாமெட்ரிக்கா என்ற பொருளாதார இதழில் வந்தது. ஆள் தன் மொத்தச் சொத்தை வைத்துக் கணக்குப் போடுவதில்லை, மனதில் நட்டு வைத்த ஒரு குறியிலிருந்து மேலா கீழா என்றுதான் பார்க்கிறான். கீழே போவது, அதே அளவு மேலே போவதைவிட அதிகம் வலிக்கிறது என்றார்கள். உங்கள் அப்பா நட்ட குறி 17,000. 1977-78-ல் இந்த இருவரும் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது ரிச்சர்ட் தேலர் என்ற இளம் பொருளாதாரக்காரர் அங்கே போய் ஒட்டிக்கொண்டார். எண்பதுகளில் எரிக் வானர் என்பவர் (அவரும் படித்தது உளவியல்) ஸ்லோன் அறக்கட்டளைப் பணத்தை இதற்குத் திருப்பினார். பிறகு ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளைக்குத் தலைவராகி அங்கேயும் அதே வேலையைத் தொடர்ந்தார். 1984-85-ல் தேலர் ஒரு வருடம் வான்கூவர் போய்க் கானமனோடு உட்கார்ந்தார். பக்கத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜாக் நெட்ச் என்ற பொருளாதாரக்காரரும் சேர்ந்துகொண்டார்.

மூவரும் அந்த வருடம் என்ன செய்தார்கள் தெரியுமா? கனடாவில் ஆட்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு வாயைக் கிளறினார்கள். பனி வாரும் மண்வெட்டியைப் 15 டாலருக்கு விற்ற கடைக்காரர், பெரும் பனி பெய்த மறுநாள் காலை 20 ஆக்குகிறார், நியாயமா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். என் பாடப்புத்தகப்படி பார்த்தால் கடைக்காரர் செய்ததுதான் சரி! நரம்பியல் இதற்குள் வந்தது ரொம்பப் பின்னால்.

தறிச்சத்தம்

ஐயா, பனி மண்வெட்டி எதற்கு? 2017 வறட்சியில் எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்காரர் விலையை இரண்டு மடங்கு ஏற்றினார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வாங்கினோம். மழை பெய்து குழாயில் தண்ணீர் வந்த பிறகு கல்யாணம், காதுகுத்து எதற்குமே அவரைத் தெருவில் ஒருவரும் கூப்பிடவில்லை. இத்தனைக்கும் அவர் எங்களுக்கு ஒறம்பரை (சொந்தக்காரர்).

ஸ்கேன் ரூம்

கோவையில் எம்.ஆர்.ஐ. அறையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். "படம் எடுத்தால் தெரிந்துவிடும்" என்று யாராவது சொன்னாலே கை துருதுருக்கும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஆளை உள்ளே அனுப்புவதே பெரும்பாடு. சாவி, பெல்ட், மெட்டி, அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து, எல்லாம் கழற்றவேண்டும். தாலியைக் கழற்றச் சொன்னால் பாதிப்பேர் வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்கள். அப்புறம் தலையைக் கூண்டுக்குள் வைத்து, காதில் பஞ்சு அடைத்து, தறி ஓடுகிற மாதிரிச் சத்தத்துக்குள் அசையாமல் கிடக்கவேண்டும். ஆராய்ச்சிக்காரர்கள் இந்த நிலையில் கிடக்கிற ஆளிடம் கண்ணாடி வழியாகத் திரையைக் காட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, "பணத்தை எடுக்கிறாயா விடுகிறாயா" என்று கேட்கிறார்கள். மண்டியில் நின்று யோசிக்கிறவனும் அதற்குள் கிடந்து யோசிக்கிறவனும் ஒரே ஆளா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது, இயந்திரம் எண்ணத்தைப் பார்ப்பதில்லை. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே பிராணவாயு கலந்த இரத்தம் கூடுதலாகப் போகும். அந்த வித்தியாசத்தைத்தான் பிடிக்கிறது. செய்ஜி ஒகாவா என்ற ஆராய்ச்சியாளர் 1990-ல் காட்டிய வழி. இரத்தம் உச்சத்துக்கு வர ஐந்தாறு விநாடி ஆகும். அந்த நேரத்துக்குள் மண்டியில் ஒரு பேரம் முடிந்திருக்கும்.

பண்ணையத்தான்

அண்ணா, இது தெரியாமலா அத்தனை பேர் செய்தார்கள்? அப்புறம் ஏன் பொருளாதாரக்காரர்கள் அந்தப் பக்கம் போனார்கள்?

வெள்ளோட்டுக்காரி

உளவியல் படித்துவிட்டுப் பெருந்துறைப் பக்கம் வேலையில் இருக்கிறேன். உன் அப்பா கேள்விக்கு நேராக வருகிறேன் தம்பி.

2001-ல் ஹான்ஸ் பிரைட்டர் குழு ஒரு கட்டுரை போட்டது. எழுதியவர்களில் கானமனும் உண்டு. ஸ்கேனுக்குள் கிடப்பவருக்கு முதலில் 50 டாலர் கொடுத்து, மூன்று சுழல் சக்கரங்களைக் காட்டினார்கள். நல்ல சக்கரத்தில் 10 டாலர், இரண்டரை டாலர், பூஜ்யம். மோசமானதில் பூஜ்யம், ஒன்றரை டாலர் இழப்பு, 6 டாலர் இழப்பு. நடுவில் ஒன்று. மூன்றிலுமே பூஜ்யம் உண்டு, பார்த்தாயா? நல்ல சக்கரத்தில் பூஜ்யம் விழுந்தால் ஏமாற்றம். மோசமானதில் விழுந்தால் "தப்பிச்சோம்டா சாமி". கையில் வருவது இரண்டிலும் ஒன்றுமில்லைதான். சக்கரம் நிற்பதற்கு முன்பே, எந்தச் சக்கரம் என்று தெரிந்தவுடனேயே மூளையின் சில இடங்களில் இரத்த ஓட்டம் மாறத் தொடங்கிவிட்டது.

12,000 ரூபாய் என்பது உன் அப்பாவுக்கு நல்ல சக்கரத்தில் விழுந்த பூஜ்யம்.

"இது கானமன் 1979-லேயே சொன்னதுதானே, படம் எதற்கு" என்று வாத்தியார் ஐயா கேட்பார். அதற்கும் ஒன்று வைத்திருக்கிறேன். 2007-ல் சப்ரினா டாம், கிரெய்க் ஃபாக்ஸ், ரஸ்ஸல் போல்ட்ராக் முதலானோர் செய்த சோதனை. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள பந்தயங்கள்; வந்தால் இவ்வளவு, போனால் இவ்வளவு. இழப்பைக் கண்டால் பயத்துக்கான இடம் தனியாகக் கிளம்பும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். அப்படித் தெரியவில்லை. ஆதாயத்துக்கு எந்த இடங்களில் ஏறியதோ, இழப்புக்கு அதே இடங்களில் இறங்கியது. ஏற்றத்தைவிட இறக்கம் செங்குத்தாக இருந்தது. "பயந்து போய் வைத்திருந்தார்" என்று நாம் சொல்வதே தப்பாக இருக்கலாம். இது அம்மாவுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஸ்கேன் ரூம்

இது நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். கேள்வி முதலிலேயே கூர்மையாக இருந்திருக்கிறது, அதனால் படம் உதவியது.

தறிச்சத்தம்

எனக்குப் பிடித்தது பங்கு போடும் விளையாட்டுதான். 1982-ல் ஜெர்மனியில் வெர்னர் கியூத்தும் கூட்டாளிகளும் கண்டுபிடித்தது. ஒருவர் கையில் பணம். இன்னொருவருக்கு இவ்வளவு என்று சொல்வார். அவர் சரி என்றால் இருவருக்கும் உண்டு, வேண்டாம் என்றால் இருவருக்கும் இல்லை. பேரம் கிடையாது, ஒரே பேச்சு. பாடப்புத்தகப்படி ஒரு ரூபாய் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளவேண்டும்.

திருப்பூரில் நான் ஜாப் வொர்க் எடுத்துச் செய்கிறேன். போன மாதம் பவர் கட்டான நேரத்தில் எங்கள் செக்கிங் டேபிளில் நூறு ரூபாயை வைத்து இதை ஆடிப் பார்த்தேன். பணம் என்னுடையது. கட்டிங் மாஸ்டர் கையில் நூறு. அவர் சிங்கர் மெஷினில் தைக்கும் பையனுக்குப் பதினைந்து என்றார். பையன் சிரித்துக்கொண்டே "வேண்டாங்க மாஸ்டர்" என்றான். அவ்வளவுதான், மாஸ்டர் முகம் செத்துவிட்டது. எண்பத்தைந்து போன கோபம் அவருக்கு; ஆனால் பையன் தன் பதினைந்தை விட்டதை யாருமே தப்பாகப் பார்க்கவில்லை. "பதனஞ்சுக்கு மானத்த விப்பானா" என்று மடிப்பு டேபிள் அக்கா சொன்னதுதான் அன்றைக்குத் தீர்ப்பு.

2003-ல் ஆலன் சான்ஃபி குழு இதையே ஸ்கேனுக்குள் ஆட வைத்தது. 19 பேர், 10 டாலர். நேர்பாதி கொடுத்தால் யாரும் மறுப்பதில்லை. 9-க்கு 1, 8-க்கு 2 என்று வந்தால்தான் தகராறு. அநியாயப் பங்கு வரும்போது மூளையில் இன்சுலா என்ற இடத்தின் முன்பகுதி கிளம்பியது. அருவருப்பு, வலி இவற்றோடு தொடர்புள்ள இடம். அது அதிகம் கிளம்பியவர்கள் அதிகம் மறுத்தார்கள். அதே பங்கைக் கம்ப்யூட்டர் கொடுத்ததாகச் சொன்னால் மறுப்பு குறைந்தது. மாஸ்டர் இடத்தில் ஒரு மெஷின் பதினைந்து ரூபாயைத் தள்ளியிருந்தால் பையன் எடுத்துப் பையில் போட்டிருப்பான், சந்தேகமே இல்லை.

ஓய்வு வாத்தியார்

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அந்தப் 19 பேரும் சோதனைக்கு முன் "எதிராளிகளை" நேரில் சந்தித்தார்கள். ஆனால் ஸ்கேனுக்குள் பார்த்த பங்குகளை அந்த ஆட்கள் கொடுக்கவில்லை. எது எத்தனை முறை வரவேண்டும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் முன்பே தீர்மானித்து வைத்திருந்தார்கள். பொருளாதாரச் சோதனைக்கூடத்தில் இது பெரிய குற்றம். பொருளாதாரத்தில் சோதனைக்கூட முறையை வளர்த்த வெர்னன் ஸ்மித் வழி வந்தவர்களுக்கு இரண்டு சட்டம்: கையில் நிஜப் பணம் கொடு, ஆளிடம் பொய் சொல்லாதே. ஒரு தடவை ஏமாந்தவன் அடுத்த தடவை நீ சொல்கிற விதியையே நம்பமாட்டான்.

வெள்ளோட்டுக்காரி

ஐயா, எங்கள் துறைமேல் எப்போதும் இதே குறை. முப்பது நிமிட ஸ்கேனில் 9-க்கு 1 பங்கு தேவையான எண்ணிக்கையில் வரவேண்டும். நிஜ ஆட்களை விட்டால் பாதிப்பேர் நேர்பாதி கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் அநியாயத்துக்கு மூளை என்ன செய்கிறது என்று எங்கே போய்ப் பார்ப்பது? சோதனை முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம்.

ஓய்வு வாத்தியார்

முடிந்ததும் சொல்வது, மாட்டை விற்ற பிறகு பல்லைக் காட்டுகிற மாதிரி அம்மிணி.

வெள்ளோட்டுக்காரி

நல்லா சொன்னீங்க போங்க :)

மட்டுறுத்துநர்

சண்டை நன்றாகத்தான் போகிறது, அதனால் எதையும் அழிக்கவில்லை. துறையைத் திட்டலாம், ஆளைத் திட்டவேண்டாம்.

துண்டுக்குள் விரல்

மாடு என்றதும் வந்துவிட்டேன். தாத்தா, அப்பா இருவரும் கருங்கல்பாளையம் சந்தையில் தரகு. வியாழக்கிழமை நானும் போவேன். துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை. ஒரு விரல் என்றால் ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கு முகம் மட்டும்தான் தெரியும், முகத்தில் ஒன்றும் இருக்காது. எதிராளி பொய் சொல்கிறானா என்பது விரலின் அழுத்தத்தில் தெரியும் என்பார் தாத்தா. எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நம்பிக்கையை வைத்து ஒரு விளையாட்டு 1995-ல் வந்தது. பெர்க், டிக்ஹாட், மெக்கேப் மூவரும் அமைத்தது. உன்னிடம் 10 டாலர், முகம் தெரியாத ஒருவனுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம், போகும் வழியில் அது மூன்று மடங்காகும், திருப்பித் தருவது அவன் இஷ்டம். இந்த மெக்கேப் பொருளாதாரக்காரர். அவரும் வெர்னன் ஸ்மித்தும் நரம்பியல்காரர்களோடு சேர்ந்து இந்த வகை விளையாட்டை 12 பேரிடம் ஸ்கேனுக்குள் ஆடவைத்து 2001-ல் எழுதினார்கள். ஒத்துழைக்கிற ஆட்களுக்கு, எதிரே மனிதன் என்றால் நெற்றிப் பக்க மூளை கூடுதலாக வேலை செய்தது, கம்ப்யூட்டர் என்றால் அப்படி இல்லை. வாத்தியார் சொன்ன பொய் சொல்லாத கட்சி நேராக ஸ்கேன் அறைக்குள் வந்தது இப்படித்தான்.

அப்புறம் மூக்கில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை அடித்தால் ஆள் அதிகம் நம்புவான் என்று படித்தேனே? சந்தையில் ஒரு பாட்டில் அடித்துப் பார்க்கலாமா?

வெள்ளோட்டுக்காரி

பாட்டில் காசு மிச்சம் அண்ணா. அது 2005-ல் நேச்சர் இதழில் வந்தது, பெரிய பரபரப்பு. பிறகு மற்றவர்கள் திரும்பத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு உறுதியாக வரவில்லை. ஆனாலும் இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் "நம்பிக்கை ஹார்மோன்" சுற்றுகிறது.

2004-ன் இன்னொரு பிரபலக் கட்டுரைக்கும் இதே மாதிரி ஒரு மறுப்பு வந்தது. மெக்லூர், லெய்ப்சன், லோவன்ஸ்டைன், கோஹன் என்ற நால்வரில் உளவியல், நரம்பியல், பொருளாதாரம் மூன்றுமே உண்டு. உடனே வரும் பணத்துக்கு மூளையில் ஒரு கூட்டம், பொறுத்திருப்பதற்கு இன்னொரு கூட்டம் என்றார்கள். 2007-ல் கேபிளும் கிளிம்ச்சரும், இரண்டு கூட்டமெல்லாம் தெரியவில்லை, உடனே வருவதற்கும் தாமதமாக வருவதற்கும் ஒரே இடங்கள்தான் மதிப்புப் போடுகின்றன என்று காட்டினார்கள். இந்தக் கிளிம்ச்சர் குரங்குகளுக்குச் சாறு கொடுத்து, தனித்தனி நரம்பணுக்கள் ஆதாயத்தைக் கணக்கிடுவதை 1999-லேயே மைக்கேல் பிளாட் என்பவரோடு சேர்ந்து அளந்தவர்.

ஸ்கேன் ரூம்

செத்த மீன் கதை இல்லாமல் இந்த இழை முடியக்கூடாது. 2009-ல் கிரெய்க் பென்னட் குழு, செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனில் வைத்து மனிதர்களின் படங்களைக் காட்டி, "இவர் மனநிலை என்ன" என்று மீனிடம் கேட்டது. கணக்கில் செய்யவேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டால் மீன் மூளை எரிவதாக வந்தது! ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சோதித்தால் சும்மாவே சில புள்ளிகள் எரியும். தறிச்சத்தம் சொன்ன இன்சுலாவும் அப்படியே: அது அருவருப்புக்கும் கிளம்பும், வலிக்கும் கிளம்பும், இன்னும் எத்தனையோ வேலைக்குக் கிளம்பும். அது கிளம்பியதால் பையனுக்கு அருவருப்பு என்று திருப்பிப் போட முடியாது.

ஓய்வு வாத்தியார்

ஃபருக் குல், வுல்ஃப்காங் பெசன்டார்ஃபர் என்ற பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளாதாரக்காரர்கள் இதைவிடக் கறாராகச் சொன்னார்கள். பொருளாதாரத்துக்கு மூளையே வேண்டாம், ஆள் எதைத் தேர்ந்தெடுத்தான் என்பது ஒன்றே சாட்சி, மூளைப் படத்தால் எங்கள் கோட்பாட்டை நிரூபிக்கவும் முடியாது, பொய்யாக்கவும் முடியாது என்று. ஒரு காலத்தில் நானும் அந்தக் கட்சி. இப்போது பாதி வழியில் நிற்கிறேன். மூன்று கூட்டமும் ஒரே அறையில் உட்கார்ந்ததால் கிடைத்த லாபம் படங்களில் இல்லை என்பது என் எண்ணம். ஒருவன் பணத்தை நிஜமாகக் கொடு என்றான், ஒருவன் கேள்வியை இப்படி மாற்றிக் கேள் என்றான், ஒருவன் உன் கோட்பாட்டை எந்த விநாடியில் எந்த இடத்தில் தேடுவது என்று சொல் என்றான். மூன்றாவது கேள்விக்கு எங்கள் ஆட்களிடம் பதிலே இருந்ததில்லை.

தறிச்சத்தத்துக்கு ஒரு செய்தி. வடகிழக்கு இந்தியக் கிராமங்களில் இதே பங்கு விளையாட்டை 20 ரூபாயில் தொடங்கி 20,000 ரூபாய் வரை வைத்து ஆடினார்கள். 2011-ல் கட்டுரை வந்தது. மிகப் பெரிய தொகையில் மறுப்பு ஏறக்குறைய இல்லாமலே போனது. உங்கள் டேபிளில் நூறுக்குப் பதில் இருபதாயிரத்தை வைத்துப் பாருங்கள்.

தறிச்சத்தம்

இருபதாயிரத்தை நீங்கள் அனுப்புங்கள் ஐயா, நாளைக்கே ஆடுகிறேன்.

காங்கேயம் ரோடு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். 2012-ல் ஈமு கோழியில் பணத்தைப் போட்டுத் தொலைத்தவன் நான். எங்கே என்று சொல்லவில்லை. கணக்குத் தெரியாமல் போடவில்லை. பக்கத்துத் தோட்டத்து மச்சானுக்கு மாதா மாதம் பணம் வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். உங்கள் சோதனைகளில் எல்லாம் ஒரு ஆள், ஒரு திரை, ஒரு பொத்தான். பக்கத்தில் மச்சான் எங்கே?

வெள்ளோட்டுக்காரி

இதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை அண்ணா. ஆனால் ஸ்கேன் அறைக்கு வெளியே, நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒன்று இருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ என்ற நால்வர் 2013-ல் எழுதியது. பொருளாதாரமும் உளவியலும் கலந்த கூட்டணி. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிகளை வெட்டுக்கு முன்னும் பின்னும் பார்த்தார்கள். ஆலையின் கட்டிங் ஆர்டர் (வெட்டச் சொல்லும் உத்தரவு) ஒவ்வொருவருக்கும் வேறு வேறு மாதத்தில் வரும் என்பதால் பருவத்தின் மேல் பழி போட முடியாது. அதே ஆள், பணம் வந்த பிறகு, படப் புதிர்களை முன்பைவிட நன்றாகப் போட்டார், தப்பும் குறைந்தது. வெட்டுக்கு முன் எதையாவது அடகு வைத்திருந்தவர்கள் 78 சதவீதம். பின் 4 சதவீதம்.

பண்ணையத்தான்

நேற்று இரவு அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். சக்கரம், இன்சுலா, மீன் எதற்கும் முகத்தில் அசைவில்லை. கரும்புக்காரர் அடகுக் கணக்கைச் சொன்னதும் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"அந்த வருசம் நம்ம ஊட்டு நகை ஒண்ணுகூட அடகுல இல்ல. அதனாலதான் வெச்சிருக்க முடிஞ்சுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா பதினைந்தரைக்கே விற்ற கதையைச் சொன்னார். மகள் கல்யாணத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது, பேங்க்கில் நகை, கை நெருக்கடி. ஒரு வாரம் பொறுக்க வழியில்லாமல் டெண்டரில் போட்டுவிட்டார். அப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் "பாவம், அவசரப்பட்டுட்டார்" என்று பேசினோமாம். ஊரிலேயே நல்ல விலைக்கு விற்றவர்களில் அவரும் ஒருவராகிப் போனார்.

நெருக்கடி புத்தியை மழுங்கடிக்கும் என்கிற பாடத்தில் இவரை எங்கே வைப்பது என்று எங்கள் பேராசிரியரிடம் கேட்கப்போகிறேன். இந்த வருட மஞ்சளில் பாதியைப் போன வாரம் விற்றாயிற்று. மீதி குடோனில் இருக்கிறது.